சந்திரதாலுக்குச் சுற்றுவழி

பிரயாணம் செட்டிநாட்டாருக்குப் புதிய விஷயமன்று. ஆகாய விமானம் எளிய மனிதரின் கற்பனைக்கும் எட்டாதிருந்த காலத்தில், கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கச் சென்று, மூன்றாண்டுக் கணக்கு முடிந்த பின்னரே ஊர் திரும்பிய ஏஜெண்டுகளும் அடுத்தாட்களும் பெட்டியடிப் பையன்களும் வாழ்ந்த வீடுகள் இந்த வட்டாரத்தில் தெருத்தெருவாக நிற்கின்றன. பயண இலக்கியத்துக்கும் இம்மண் கொடுத்தது கொஞ்சமில்லை. கோட்டையூரில் 1911ஆம் ஆண்டில் பிறந்து, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகத்தைச் சுற்றிய ஏ. கே. செட்டியாரும், நெற்குப்பையில் பிறந்து, தமிழ்நாட்டின் மாவட்டங்கள் பலவற்றைப் பற்றி எழுதிய சோமலெயும் நம் அண்டை அயலார்களே. ஆனால், வியாபாரமும் இல்லாமல், ஸ்தல யாத்திரையும் இல்லாமல், எவரும் எளிதில் போகாத ஒரு மலைப்பள்ளத்தாக்கின் உச்சியிலே கிடக்கும் ஓர் ஏரியைக் கண்டுவருவதொன்றையே பிரயோஜனமாகக் கொண்டு புறப்படுவது நமக்குச் சற்றுப் புதிய பழக்கந்தான். கடற்பயணத்துக்குத் தூரத்தைக் கணக்கிட்டால் போதும். மலைப்பயணத்துக்கோ உயரத்தைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கை எங்கள் ஊராகிய புதுவயலில் இருந்தபடியே எவ்வாறு போடுவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நான் சொல்லவரும் பிரதேசம் இமாசலப் பிரதேசத்திலுள்ள ஸ்பிதி. லாஹுல்-ஸ்பிதி என்று இணைத்து வழங்கும் அந்த மாவட்டத்தின் பரப்பு 13,800 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே வாழ்வோர் 31,564 பேர். அதன் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த பரப்புள்ள நம் சிவகங்கை மாவட்டத்தில் அதே கணக்கின்படி 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கு நிலவும் ஏகாந்தம் எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும். ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் மேற்கெல்லையாக நிற்கும் குன்ஜும் கணவாயைத் தாண்டினால், சந்திரா நதியின் உயர்ந்த கரையிலே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், பிறை வடிவாகக் கிடக்கிறது சந்திரதால் என்னும் ஏரி. திபெத்திலிருந்தும் லடாக்கிலிருந்தும் ஸ்பிதிக்கும் குலுவுக்கும் சரக்கோடு போய்வந்த வணிகர்கள் முற்காலத்தில் தங்கி இளைப்பாறிய இடம் அது. வணிகரூரில் பிறந்தவர்களுக்கு அதன்பால் ஒரு தனி ஈடுபாடு ஏற்படுவதில் வியப்பில்லை.

இந்த உத்தேசத்தைக் கேள்வியுற்ற எங்கள் தெரு ஆச்சி ஒருவர், "ஏம்ப்பா, நம்ம ஊருலயே இம்புட்டு ஊருணி கெடக்கு, ஒரு ஊருணியப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போறீக?" என்று கேட்டார். "அது யாரும் வெட்டாத ஊருணி, ஆச்சி" என்று விடை சொன்னதற்கு, "அப்ப, தூர் வார்றது யாரு?" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுபோல் தோன்றினாலும், மலையேரிகளைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் தலையாயது அதுவே என்பது பின்னர் எனக்குப் புலப்பட்டது. மழையை நம்பி, கூரையில் விழுந்த நீரையும் முற்றத்தில் சேர்த்து, ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, குடிதண்ணீர் ஊருணியில் குளிப்பதும் துவைப்பதும் கால் அலம்புவதும் கூடாதென்று கட்டுப்பாடு வைத்து வாழ்ந்தவர்கள் நாம். நீரைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குக் காவல் யார் என்று கேட்கும் புத்தி நமக்கு இயற்கையாகவே உண்டு.

முதலாவது தீர்மானிக்க வேண்டியது காலம். குன்ஜும் கணவாய் ஆண்டில் பாதிக்கு மேல் பனியால் மூடிக்கிடக்கும். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் திறந்து, அக்டோபர் முடிவதற்குள் அடைபட்டுவிடும். ஸ்பிதி மழைமறைவுப் பிரதேசமாதலால் தென்மேற்குப் பருவமழை அங்கே எட்டிப்பார்ப்பது அரிது. ஆயினும் அங்கே போவதற்கான வழி, மழை நன்றாகப் பெய்யும் மலைகளுக்கு இடையே செல்வதால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் மண்சரிந்து பாதை அடிக்கடி மறிக்கப்படும். எனவே, ஏரியைச் சுற்றிப் பனி உருகி, வழியிலே மழை ஓயத் தொடங்கி, வானம் தெளிந்திருக்கும் செப்டம்பர் நடுப்பகுதியே உத்தமமான காலம். நம் நாள்காட்டியிலே அது புரட்டாசியின் முற்பகுதி. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்திருக்கும். நவராத்திரியும், அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயலில் ஆலைக்காரர் எவரும் விட்டுக்கொடுக்க விரும்பாத ஆயுத பூஜையும் பெரும்பாலும் பின்னால் வரும். வடகிழக்குப் பருவமழைக்கும் நாளிருக்கும். கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து தப்பிப் பிரயாணம் செய்யத்தக்க மாதம் ஒன்று நமக்கு உண்டென்றால் அது புரட்டாசியே.

இரண்டாவது தீர்மானிக்க வேண்டியது வழி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சந்திரதாலுக்கு இரண்டு வழிகள் உண்டு. மணாலியிலிருந்து ரோதாங் மலைக்கு அடியே குடைந்த அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, கிராம்பூ, பாதல் வழியாக ஒரே நாளில் ஏரியை எட்டிவிடலாம். ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு, முன்னர் ரோதாங் கணவாயின் மேலே ஏறி இறங்கிக் கழித்த பொழுது மிச்சமாகிவிட்டது. மற்றொரு வழி, சிம்லாவிலிருந்து சட்லஜ் நதியை ஒட்டியே கின்னௌர் நாட்டைக் கடந்து, ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் கீழ்முனையில் நுழைந்து, தாபோ, காஜா என்று ஊர் ஊராகத் தங்கி, கடைசியில் ஏரியை அடைவது. முதல் வழிக்கு ஒரு பகல் போதும். இரண்டாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். லீவு நாட்களை எண்ணி வாழும் இக்காலத்தவர் முதல் வழியையே விரும்புவர். நான் இரண்டாவதையே சொல்வேன். அதற்குக் காரணம் இயற்கைக் காட்சியன்று, தேகதர்மம்.

மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே இரவு தூங்கியவர் மறுநாள் இரவு 4,300 மீட்டரில் தலைசாய்ப்பாரானால், ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டவராகிறார். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் பத்தில் ஆறு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. இதற்குத் தேகம் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்குமேல் கூட்டாதிருத்தலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்திலேயே தங்கி இளைப்பாறுதலும் மலை வைத்தியர்கள் வகுத்த விதி. அதை மீறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று தொடங்கும் உபாதை, சிலருக்கு நடை தடுமாறும் மூளைவீக்கமாகவும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டும் நுரையீரல் நீர்க்கோப்பாகவும் முற்றிப் பிராணாபத்தாகவே முடியும். பீமசேன பலம் உடையவரையும் அது விடுவதில்லை. கபடி ஆடிய வாலிபன் படுத்துவிட, அவன் தகப்பனார் எழுந்து நடமாடுவதும் உண்டு. அதற்கு உறுதியான சிகிச்சை ஒன்றே: தாமதமின்றிக் கீழே இறங்குவது. தடுப்பதற்கு மாத்திரை உண்டு. அதை வைத்தியரைக் கலந்தே உட்கொள்ள வேண்டும். இருதய நோயும் ஆஸ்துமாவும் உடையவர்கள் புறப்படுவதற்கு முன்னரே அவரைக் கண்டு யோசனை கேட்பது அவசியம்.

ஆகையால் என் திட்டம் ஏரியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது. ஏரி கடைசியில், அதற்கு முன் காஜாவில் மூன்று இரவு, அதற்கு முன் தாபோவில் ஓர் இரவு, அதற்கும் முன் கல்பாவில் இரண்டு இரவு, சராஹனில் ஒன்று, சிம்லாவில் ஒன்று. ஏரிக்கு அருகிலுள்ள கூடாரத்தில் ஓர் இரவு தங்கியபின் மணாலிக்கு இறங்கி அங்கே ஓர் இரவு. ஆக, மலையில் பத்து இரவுகள். இவற்றோடு எந்தக் காரியத்துக்கும் ஒதுக்காத இரண்டு நாட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மண்சரிவு வந்தால் அவை அதற்கு. தலைவலி வந்தால் அதற்கு. இரண்டும் வராவிட்டால் வழியிலுள்ள தன்கரில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு. அவற்றையும் ஏதேனும் ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்று செலவழித்துவிடும் திட்டத்தைத் திட்டமென்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

புதுவயலிலிருந்து சிம்லாவுக்குப் போகும் வழி எளிது. காரைக்குடியில் விடியற்காலையில் பல்லவன் விரைவு வண்டி ஏறினால் சென்னை. அன்றிரவே சென்ட்ரலில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாட் காலையில் புதுதில்லியில் கொண்டுபோய் விடும். விமானத்தில் போகலாமே என்பார்கள், போகலாம். ஆனால் கோதாவரியும் நருமதையும் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னலோரம் வந்து போக, இந்தியாவின் நீளம் முழுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுபவித்த ஒருவருக்குத்தான் இமயமலையின் பிரமாணம் சரியாகப் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம். தில்லியிலிருந்து கால்கா, கால்காவிலிருந்து 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிறு ரயில். நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களில் புகுந்து புறப்பட்டு, 96 கிலோமீட்டரை ஐந்தாறு மணி நேரத்தில் ஏறும் அந்த வண்டியை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மலையில் எவ்வளவு நிதானமாக ஏற வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது.

சிம்லாவுக்கு அப்பால், மானசரோவரத்தின் அண்டையில் தோன்றி வரும் சட்லஜ் நதியே வழித்துணை. சராஹனில் மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கிக் கட்டிய பீமாகாளி ஆலயத்தைத் தரிசித்து, கல்பாவை அடைந்தால், எதிரே ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் கின்னர் கைலாசம் நிற்கிறது. செப்டம்பர் அங்கே ஆப்பிள் பறிக்கும் பருவம். கல்பாவுக்கு அப்பால் பச்சை படிப்படியாகக் குறைந்து, காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி சட்லஜில் கலக்குமிடத்தைத் தாண்டியதும் மரமென்பதே அபூர்வமாகி, செம்மண்ணும் சாம்பலும் மஞ்சளுமாகிய மொட்டைமலைகளே எங்கும் காட்சியளிக்கின்றன. அந்த வழியில் முதன்முதல் எதிர்ப்படும் ஏரி நாகோ. ஊரின் நடுவே, வில்லோ மரங்கள் சூழ, 3,600 மீட்டர் உயரத்தில் இருப்பது. பகலில் அங்கே உலாவிவிட்டு, அதைவிடத் தாழ்ந்த தாபோவுக்கு இறங்கித் தூங்குதல் நலம். பகலில் உயர்ந்து இரவில் தாழ்வது தேகத்தைப் பழக்கும் நல்ல உபாயம். இவ்வழியின் ஏரிகளெல்லாம் சாந்தஸ்வரூபிகள் என்றும் எண்ணிவிடக்கூடாது. 2004இல் திபெத்துப் பக்கத்தில் மலை சரிந்து பாரேசூ ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி, மறுவருஷம் ஜூனில் உடைத்துக்கொண்டு சட்லஜின் கரையோரத்தைப் பெரிதும் அழித்தது.

தாபோ மடாலயம் கி.பி. 996ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. தஞ்சையில் இராஜராஜன் முடிசூடிப் பதினோராண்டுகள் கழிந்திருந்த காலம். பெரிய கோயில் முடிவடைய இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. வெளியே பார்த்தால் வெறும் மண்சுவர். உள்ளே நுழைந்தால், மங்கலான வெளிச்சத்தில், சுவரெங்கும் சித்திரங்களும், சுவரிலிருந்து முன்னோக்கி வந்தாற்போன்ற சுதையுருவங்களும் சபைகூடியிருக்கின்றன. பெரிய கோயிலின் உட்பிராகாரச் சுவரில் நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் கண்டெடுத்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி. அந்தப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தவர் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். கருங்கல்லில் விமானம் எழுப்பியவர்களும், கல் கிடைத்தும் மண்ணையே குழைத்துக் கட்டியவர்களும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒருவரையொருவர் அறியாமல், சுவரில் தெய்வங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவசரமாக மணாலி வழியே ஏரிக்குப் போய்த் திரும்புகிறவர் இழப்பவற்றில் இது ஒன்று.

தாபோவுக்கும் காஜாவுக்கும் நடுவே தன்கர். ஸ்பிதியின் பழைய தலைநகர். ஸ்பிதியும் பின் என்னும் நதியும் சங்கமிப்பதை நோக்கியபடி செங்குத்துப் பாறைமேல் மடாலயம் நிற்கிறது. அதற்கு மேலே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏறினால் ஒரு சிறு ஏரி. காஜாவில் தங்கும் நாட்களில் கீ மடாலயத்தையும், கடல்மட்டத்துக்கு மேல் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள லாங்ஜா, ஹிக்கிம் முதலிய கிராமங்களையும் பகலில் பார்த்து, இரவு காஜாவுக்கே இறங்கிவிடலாம். லாங்ஜாவின் மண்ணில் நத்தைச் சுருள்போன்ற கல்லுருவங்கள் அகப்படுகின்றன. நம் பூஜையறையிலுள்ள சாளக்கிராமமும் அதே இனத்துக் கடற்பிராணியின் கல்லான உருவமே. இமயம் எழுவதற்கு முன் அங்கே அலைவீசிய சமுத்திரத்தின் சாட்சிகள் அவை. சிறுவர்கள் விற்கக் கொண்டுவந்தாலும் வாங்கி வராதிருப்பதே மரியாதை. ஹிக்கிமில் 1983 முதல் நடந்துவரும் அஞ்சல் நிலையத்திலிருந்து புதுவயலுக்கு ஒரு கார்டு எழுதிப்போடுவதில் மட்டும் தோஷமில்லை.

ஆகாரத்தைப் பற்றி அரிசியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சந்திரதாலின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நம் புழுங்கலரிசி மசிந்து வேகாது. குக்கர் இருந்தால்தான் சோறு. அதனால்தான் அந்நாட்டார் பார்லியை முன்னதாகவே வறுத்து மாவாக்கி, தேநீரில் பிசைந்து உண்ணும் வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். அங்கே துக்பா என்னும் சூடான சூப்புவகையும் ரொட்டியும் பருப்பும் எங்கும் கிடைக்கும். நாம் கொண்டுபோகத் தக்கவை பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயுமே. தண்ணீர் மிகுதியாகப் பருக வேண்டும். மது கூடவே கூடாது. உடுப்பில் ஒரே கனத்த கம்பளியைவிட மெல்லியவை பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல் நலம். இரவில் நீர் உறையும் குளிரும் பகலில் தோல் கருகும் வெயிலும் ஒரே நாளில் வரும். காஜாவைத் தாண்டினால் ஏரி வரையில் வங்கியும் பெட்ரோல் நிலையமும் இல்லையாதலால், ரொக்கமாகவே கையில் வைத்திருக்க வேண்டும். கல்பாவுக்குக் கீழேயுள்ள ரெகாங் பியோவிலிருந்து காஜாவுக்கு அரசாங்கப் பேருந்து உண்டு. ஏரிக்குப் பேருந்து கிடையாது. காஜாவில் உள்ளூர் ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொள்வதே விவேகம். எந்த ஓடையில் எந்த நேரத்தில் வெள்ளம் ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

காஜாவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கடைசிக் கிராமமாகிய லோசரைத் தாண்டி, 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்ஜும் கணவாயில் ஏறினால், அங்கே வழிகாக்கும் அம்மனுக்கு ஒரு கோயில். எல்லா வண்டிகளும் அதை வலம்வந்தே செல்கின்றன. கணவாய்க்கு அப்பால் இறங்கும் வழியில் கிளைபிரியும் குறுகிய பாதையே ஏரிக்குப் போவது. வண்டி நிற்குமிடத்திலிருந்து கடைசிச் சிறு தூரம் கால்நடை. மேட்டின் விளிம்புக்கு வந்ததும், எந்த அருவியும் வந்து விழக் காணாமல், நிலத்தடி ஊற்றுகளால் நிறைவதாகச் சொல்லப்படும் அந்த நீர்ப்பரப்பு, காலையில் ஒரு நிறமும் உச்சியில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக, பனிமலைகளின் நடுவே கிடப்பது தெரியும். யுதிஷ்டிரரை இந்திரன் ரதத்தில் ஏற்றிச்சென்ற இடம் இதுவே என்பது அவ்வூரார் ஐதிகம். ஏரியை முழுதும் சுற்றிவரச் சில நாழிகை போதும்; பழகிய தேகத்துக்குத்தான் அது சுகம். ஒரே நாளில் மணாலியிலிருந்து ஏறிவந்தவர்களிற் பலர், கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எப்பொழுது இறங்குவோமென்று காத்திருப்பதை அங்கே காணலாம்.

தூர் வாருவது யார் என்ற கேள்விக்கும் அங்கே விடை உண்டு. சந்திரதால் 2005ஆம் ஆண்டு நவம்பரில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுடைய நீர்நிலையாகச் சேர்க்கப்பட்டது. கரையில் கூடாரம் அடிப்பது இப்போது தடை. கூடாரங்களெல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியே போடப்படுகின்றன. ஆனால் சட்டம் எழுதிய காகிதம் அவ்வளவு உயரம் ஏறிவந்து காவல் நிற்பதில்லை. தீர்த்தத்தைக் கண்டால் முழுக்குப் போடுவது நம்மவர் இயல்பு. அந்தக் குளிரும் உயரமும் அதற்கு ஏற்றவையல்ல என்பது ஒருபுறமிருக்க, சோப்பும் எண்ணெயும் கலந்தால் கழுவிப்போக அங்கே வெள்ளமும் வராது. கொண்டுபோன ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். குடிதண்ணீர் ஊருணிக்கு நம் முன்னோர் விதித்த கட்டுப்பாடு எதுவோ, அதுவே அங்கும் நமக்கு விதி.

இறங்குவதற்கு மணாலி வழியே நல்லது. ஏறும்போது ஆபத்தான குறுக்குவழி, இறங்கும்போது அனுகூலமாகிறது. பாதலுக்கும் கிராம்பூவுக்கும் இடையிலுள்ள பாதை கல்லும் ஓடையுமாகக் கிடப்பது. பனிப்பாறைகள் வெயிலில் உருகுவதால் பிற்பகலில் ஓடைகள் பெருகும். ஆகவே காலையிலேயே கடந்துவிட வேண்டும். பிறகு சுரங்கம், பிறகு மணாலி, பிறகு தில்லி.

இவ்வளவு விஸ்தாரமாகத் திட்டம் போட்ட பிறகும், குன்ஜும் கணவாயில் முன்கூட்டியே பனி விழலாம். கூட வந்தவருக்குக் காஜாவில் தலைவலி தீராமலே இருக்கலாம். அப்படியானால் ஏரியைக் காணாமலே இறங்கிவிடுங்கள். தாபோவும் தன்கரும் நாகோவும் கண்டு, எல்லோரும் சுகமாக ஊர் திரும்பிய பிரயாணம் தோற்ற பிரயாணமன்று; நோயாளியையும் இழுத்துக்கொண்டு கணவாய் ஏறியதே தவறான பிரயாணம். சந்திரதாலுக்குச் சுற்றுவழியே நேர்வழி. இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்க முடியாதென்றால் இந்த ஆண்டு போகவேண்டாம். அந்த இரண்டு நாளும் கிடைக்கும் புரட்டாசியில் புறப்படுங்கள்.